எண்ணெய் போடாத ஊஞ்சல்

ஒருவர் இறந்துபோனால் அவருடைய துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம். செருப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை என்ன செய்வது? சாவியம்மாவுக்கு அந்த வேலை, துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆறுதல் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "அப்போ விளையாட்டுத் திடல இனிமே நீங்களே பாத்துக்குவீங்கல்ல?" என்று கேட்டார். அவள் தலை ஆடியது. அது சம்மதமா, அழுகையின் நடுக்கமா என்று அவளுக்கே தெரியாது. செயலாளர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணவரின் இடுப்பில் கிடந்த சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு மாறியது. திடலுக்கு வரும் பிள்ளைகள் அவள் பெயரையும் சாவியம்மா என்று மாற்றிவிட்டார்கள்.

திடல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவில் எதற்கும் உதவாமல் மிஞ்சிப்போன நிலம். ஒரு சறுக்கு, ஒரு சீசா, ஏறி விளையாடக் கம்பிக்கூடு, மூன்று ஊஞ்சல், ஒரு மணல்குழி. மூலையில் ஒற்றை அறை. அதை ஒட்டி ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. திடலைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று சங்கம் கட்டிக்கொடுத்தது. அதில்தான் அவளும், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனாரும் இருந்தார்கள். திடல் இருக்கிறவரை அறை இருக்கும்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே வேலையை முடிக்க வேண்டும். சறுக்கின் உச்சியில் உள்ளங்கையை வைத்து அடிவரை தடவிக்கொண்டே வருவாள். எவனாவது பிளேடை ஒட்டவைத்திருந்தால் பிள்ளைகளின் தொடைக்கு முன்னால் தன் கைக்குத் தெரியட்டும் என்ற கணக்கு. பிறகு மணலை அள்ளிச் சல்லடையில் சலிப்பாள். பாட்டில் சில்லு வரும், சிகரெட் துண்டு வரும், பொம்மையின் ஒற்றைக் கை வரும். சீசாவின் நட்டுக்கு ஸ்பானரால் ஒரு முறுக்கு. நேற்று முறுக்கிய நட்டு இன்றைக்கு ஒன்றும் நடக்காததுபோல் தளர்ந்து உட்கார்ந்திருக்கும்.

"இதுக்குப் பதிலா ஓட்டப் பானையில தண்ணி மொண்டு ஊத்தலாம் அண்ணி. அதுலயாச்சும் தரை ஈரமாகும்," என்பாள் நாத்தனார். சொல்லிக்கொண்டே துடைப்பத்தையும் எடுப்பாள்.

மூன்றாவது ஊஞ்சலுக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. அது கணவர் போட்ட சட்டம். அறை ஜன்னலுக்கு நேராகத் தொங்குவது அந்த ஊஞ்சல்தான். நேரங்கெட்ட நேரத்தில் சுவரேறிக் குதிப்பவன் எதைத் தொடாவிட்டாலும் ஊஞ்சலைத் தொடாமல் போகமாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. தொட்டால் போதும், கிறீச்சென்று ஊரைக் கூட்டும். "அவனவன் நாய் வளக்கிறான். நான் ஊஞ்சல் வளக்கிறேன். சோறும் போட வேணாம், ஊசியும் போட வேணாம்," என்று பெருமை அடித்துக்கொள்வார். மற்ற இரண்டுக்கும் வாராவாரம் கிரீஸ் பூசிய அவள், அவர் போன பிறகும் மூன்றாவதன் பக்கம் கிரீஸ் டப்பாவைக் கொண்டுபோகவில்லை. காற்றில் அது லேசாக முனகும்போது அறைக்குள் இன்னொரு ஆள் புரண்டு படுப்பதுபோல இருக்கும்.

அந்த ஊஞ்சலில்தான் யாரோ கை வைத்தார்கள். ஒருநாள் அதன் சங்கிலி மேல்கம்பியில் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ஏணி வைத்து ஏறி அவிழ்த்தாள். அடுத்த வாரம் உட்காரும் ரப்பர்ப் பட்டை இரண்டாகக் கிழிந்து தொங்கியது. பட்டையை மாற்றினால், சங்கிலியையே காணோம்.

செயலாளர் வந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாதிப் பேரு இங்க காரு நிறுத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்கம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள இன்னொண்ணு உடைஞ்சா நான் வாயே தெறக்க முடியாது. எல்லாத்தையும் பிடுங்கி இரும்புக் கடைக்கு ஏத்திடுவாங்க."

"எங்களையும் சேத்து எடை போட்டுடுங்க," என்றாள் நாத்தனார் உள்ளே இருந்து.

சாவியம்மாவுக்குச் சந்தேகம் சுவர்மேல் உட்கார்ந்து அரட்டை அடிக்கும் வாலிபர்கள்மேல்தான். நேரே போய்க் கேட்டாள்.

"யாருடா என் ஊஞ்சல்ல கை வச்சது?"

"நாங்க ஆடுற வயசா ஆன்ட்டி? இவன் உக்காந்தா ஊஞ்சலே போலீஸுக்குப் போகும்," என்று தங்களில் தடியனைக் காட்டினான் ஒருவன். சுவரே குலுங்கச் சிரித்தார்கள்.

"சிரிக்கிற வாயில பினாயில ஊத்து," என்று முணுமுணுத்த நாத்தனார், அறைக்குத் திரும்பியதும் வேறொன்று கேட்டாள். "ஏன் அண்ணி, உடைக்கிறவன் கண்ணுக்குச் சறுக்கு தெரியலையா, சீசா தெரியலையா? அது ஒண்ணு மேல மட்டும் அவனுக்கு என்ன வன்மம்?"

"திருட வர்றவன் மொதல்ல நாயைத்தானே கொல்லுவான்?"

அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள். இன்னும் தடித்த சங்கிலியாக வாங்கி மாட்டினாள். புதுச் சங்கிலியில் கடைக்காரர் பூசியிருந்த எண்ணெயை மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு கண்ணி விடாமல் துடைத்து எடுத்தாள். ஊஞ்சல் முன்னைவிட இரண்டு மடங்கு கத்தியது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். கடைக்குப் போவதுபோல் வாசலைச் சாத்திவிட்டு, பின்பக்கமாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயிலில் கண் சொக்கியது. உலோகம் அறுபடும் சத்தத்தில் நிமிர்ந்தாள்.

சங்கிலியை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தவர் ரொட்டிக்காரர்.

ஊஞ்சலுக்கு எதிரே தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர். இரவெல்லாம் அடுமனையில் அடுப்போடு நின்று, விடிந்து வீடு திரும்புகிற மனிதர். அவள் கணவர் போனதிலிருந்து ஒருநாள் தவறாமல் ஒரு சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். கதவைத் தட்டியதில்லை. அன்று காலை சாப்பிட்டதும் அந்த ரொட்டிதான்.

"தம்பி," என்றாள்.

பிளேடு கீழே விழுந்தது. ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் ஊஞ்சலிலேயே உட்கார்ந்துவிட்டார். அது கிறீச்சிட்டது. இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

"அக்கா, பிள்ளைங்க சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. அவங்க தலையணை மேல ஏறி நின்னு கத்தினாலும் தூங்கிடுவேன். இது ஒண்ணுதான்… மண்டைக்குள்ள வந்து ஆணி அடிக்குது. நேத்து அடுப்புல கை வச்சுட்டேன், தூக்கக் கலக்கத்துல." உள்ளங்கையை விரித்தார். கொப்புளம் உடைந்து பளபளத்தது.

"சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா?"

"அண்ணன்கிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கண்ணேன்னு. 'பாக்கலாம் பாக்கலாம்'னாரு. அப்புறம் அவரே போயிட்டாரு. நீங்க அந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் திரும்பிப் பாப்பீங்க. நான் என் ஜன்னல்லேருந்து பாத்திருக்கேன். அதுக்கு மேல எப்படி வந்து சொல்றது? உடைஞ்சு போச்சுன்னா உங்ககிட்ட சொல்லவே வேண்டாமேன்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "போய்ப் படு தம்பி. கைக்கு மருந்து போடு," என்றாள்.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கண்ணன் எப்பவும் அப்படித்தான். தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னா மூணே கால்தான்," என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சாவியம்மா மேலே ஏறினாள். பாதி அறுபட்ட சங்கிலியைக் கழற்றி வேறு மாட்டினாள். கொக்கிகளில் கிரீஸை விரலால் அள்ளி அப்பினாள். இறங்கி வந்து ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினாள். போனது, வந்தது, போனது. யாரோ பேச்சை நடுவில் நிறுத்திவிட்டதுபோல இருந்தது. இரண்டு பேரும் அது தானாக நிற்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கைய கழுவுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "சேலையில தேய்ச்சுடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் திடலிலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். கார்க்காரர்கள் முன்வரிசையில். ரொட்டிக்காரர் கடைசியில், தூங்காத கண்களோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு உடைச்சதுன்னு தெரிஞ்சுதாம்மா?" என்றார் செயலாளர்.

தெரியும் என்றால் திடல் பிழைக்கும். ரொட்டிக்காரர் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும். தெரியாது என்றால் இரும்புக் கடை வண்டி வரும். காலி செய்யப்போவது இவர்கள் இருவரும். சாவியம்மா எழுந்தாள். முழங்கால் வலித்ததால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊஞ்சலுக்கு நாங்க எண்ணெயே போட்டதில்லைங்க. வேணும்னேதான். திருடன் வந்தா கத்தட்டும்னு. அது கத்துற கத்துல தூக்கம் கெட்ட யாரோதான் செஞ்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். கத்த விட்டது நான். நேத்து கிரீஸ் போட்டாச்சு. இனிமே கத்தாது, இனிமே யாரும் உடைக்கவும் மாட்டாங்க."

முதல் மாடி டீச்சர், "அய்யோ, எண்ணெய் போட்டாச்சா!" என்றார், வேண்டுதல் பலித்த குரலில். "நான் வருஷக்கணக்கா ஜன்னல மூடிக்கிட்டு வேகிறேன்!"

அவ்வளவுதான், மடை உடைந்தது. என் குழந்தை தூங்காது என்றது ஒரு குரல். எனக்கு ஒற்றைத் தலைவலியே அதனால்தான் என்றது இன்னொன்று. கார்க்காரர்களில் ஒருவர்கூடத் திரும்பி உட்கார்ந்து, "எனக்கும்தாங்க! போனவரு ஆசையா வச்சிருந்தது, அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்," என்றார். காருக்கு இடம் கேட்கும் பேச்சு வரும்போது பாதிப் பேர் எழுந்து போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு திடலைப் பிடுங்க முடியவில்லை.

சாவியம்மா அத்தனை முகங்களையும் பார்த்தாள். இவ்வளவு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அது அன்பா, கூச்சமா? யோசித்துப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

செயலாளருக்கு எதையாவது தீர்மானமாக எழுதியாக வேண்டும். பராமரிப்பில் குறை, ஆகவே வேறு ஆள் பார்ப்பது, கிடைக்கிறவரை இவரே தொடர்வது. படித்துக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தார்.

அதன் பிறகு ஒருவர் வேலை கேட்டு வரத்தான் செய்தார். திடகாத்திரமான ஆள். நாத்தனார் தேநீர் போட உள்ளே போனாள். சாவியம்மா அவரைச் சறுக்கிடம் கூட்டிப்போய்த் தடவிக் காட்டினாள், மணலைச் சலித்துக் காட்டினாள், நட்டை முறுக்கிக் காட்டினாள்.

"தினமுமா?" என்றார் அவர்.

"தினமும்."

"லீவு நாள்ல?"

"அன்னிக்குத்தான் ஜாஸ்தி."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் அறையின் பின்பக்க வழியாக நடந்தார். நாத்தனார் தம்ளரோடு வெளியே வந்தபோது ஆளைக் காணோம். "போயிட்டானா? நல்லவேளை, சக்கரை போடல," என்று தானே குடிக்க ஆரம்பித்தாள். பள்ளி விட்டு முதல் பிள்ளைகள் வாசலில் வந்து பூட்டிய கம்பிக்கதவை ஆட்டினார்கள். சாவியம்மா பூட்டைத் திறக்கப் போனாள்.