தவுவாவில் ஒரு பகா எண்

ஒன்றை முப்பத்தொரு முறை இரட்டித்து, வந்த தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு கிடைக்கும். அஃது ஒரு பகா எண் என்று பழைய கணித நூலொன்றில் படித்திருந்தேன். அதை என் கையால் வகுத்து அறிய வேண்டுமென்பது நெடுநாள் ஆசை.

பட்டாளம் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் எங்கள் தீவில், தவுவா வட்டாரத்தில், கரும்பு வெட்டு நின்றுவிட்டது. கரும்பு வயலிலேயே காய, எனக்கும் என் தம்பிக்கும் வேலை இல்லை. அவனுக்கோ ஆஸ்திரேலியா செல்ல அனுமதி வந்திருந்தது. அவன் புறப்படுமுன் இந்த வகுத்தல் வேலையை முடித்துவிட எண்ணினேன். வீட்டில் என்னோடு தமிழில் பேசுபவனும் கணக்குப் போடுபவனும் அவன் ஒருவனே.

வேலை தோன்றுமளவு பெரிதன்று. இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் ஒன்று இருப்பின், அதை இருநூற்று நாற்பத்தெட்டால் வகுக்கையில் ஒன்றோ அறுபத்து மூன்றோதான் மீதி வரும். அத்தகையவற்றிலும் நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது வரை பார்த்தால் போதும். அதற்கு மேற்பட்டது ஒன்று வகுக்குமாயின், அதன் இணை அந்த எல்லைக்குள்ளேயே அகப்பட்டிருக்கும்.

வெட்டுக் காலத்தில் லாரியில் ஏற்றும் கட்டுகளை விவசாயி ஒரு பக்கமும் வெட்டுக் கூட்டத்தின் தலைவரான சர்தார் மறு பக்கமும் தனித்தனியே எண்ணுவார்கள். இரண்டும் ஒத்தால்தான் லாரி நகரும். அந்த முறையிலேயே கொட்டகையின் சிமெண்டுத் தரையில் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி அமர்ந்து, ஒவ்வோர் எண்ணாலும் தனித்தனியே சுண்ணக்கட்டியால் வகுத்தோம்.

அவன் புறப்படும் காலையில் மிஞ்சியிருந்தது 45943 மட்டுமே. எனக்கு மீதி 15941. அவனுக்கு 15841.

"பூஜ்யம் வரல்லே இல்லே அண்ணே? அப்போ விடு."

"ரெண்டு கணக்கும் ஒக்காம எந்த லாரிய மில்லுக்கு அனுப்பிச்சோம்?"

"நாந்தி ஏர்போட்டு வரைக்கும் ரோட்டுலே பட்டாளத்துக்காரன் நிக்கிறான். நீ நூறு எங்கே போச்சுன்னு தேடிக்கினு இருக்கே."

"நூறு உன்னுதுலேதான் போச்சு."

வாசலில் டாக்ஸிக்காரர், "ஜல்தி கரோ, பையா" என்று அவசரப்படுத்தினார். தம்பி பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, புதுக் கால்சட்டையுடன் தரையில் குந்தினான். முதலிலிருந்து வகுத்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பதினஞ்சாயிரத்தி தொள்ளாயிரத்தி நாப்பத்தொண்ணு" என்றான். "கழிக்கும்போது கடன் வாங்காமயே வாங்குனதா வச்சிட்டேன். அடுத்தது என்னா?"

அவன் வழக்கப்படி கேட்டுவிட்டான். எல்லைக்குள் வேறு எண் இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்து ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவன் அதையும் வகுத்திருப்பான்.

"இல்லே. முடிஞ்சிது," என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.