வேன் பிரேக்குக்கு மரை போட்ட ஞாயிறு

அப்பா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளை அதில் அடைத்து, எண்ணூர் ரோட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் தொழில். நான் மட்டும் அதில் ஏறியதே இல்லை. என் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால் எனக்கு எப்போதும் நடராஜா சர்வீஸ்தான். ஊரான் பிள்ளைகளெல்லாம் என் அப்பாவின் வண்டியில் ஜம்மென்று போக, நான் பையைச் சுமந்துகொண்டு நடப்பதில் எனக்கு ஏகப்பட்ட வயிற்றெரிச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வாசலிலேயே வேனுக்கு ஜாக்கி வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடு மாற்றினார். எதை முறுக்கினாலும் கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிரேக்கைப் பிடித்து நிறுத்துகிற போல்ட்டையும் அப்படித்தான் முறுக்கினார். இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் சட்டென்று இளகிச் சுற்றியது. போல்ட் ஏறுகிற ஓட்டைக்குள், அதைப் பிடித்துக்கொள்கிற வரிவரியான மரையெல்லாம் உரிந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. பிறகென்ன, போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை பிள்ளைகள் வந்து நிற்பார்கள். எண்ணூர் ரோடோ துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மோதுகிறமாதிரி வருகிற ரோடு.

வேன் வாங்குவதற்கு முன் அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்த்தவர். நடுக்கடலில் மரை போனால் கடைக்கா ஓடமுடியும்? மெல்லிய செம்புக் கம்பியை போல்ட்டில் சுற்றி, இறுகுகிற பசையைத் தடவி, தட்டி உள்ளே ஏற்றிவிடுவார்களாம். படகு கரைக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த வித்தையையே வேனுக்கும் காட்டினார். பசை காய்ந்ததும் தனியாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, வண்டி கல்லுமாதிரி நிற்கிறது என்றார்.

அம்மா மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்துக்காரி. அதிகம் பேசமாட்டாள். அடுப்படியிலிருந்து வெளியே வந்து, அந்தக் கம்பி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டாள். கடலில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை என்றார் அப்பா. கடலில் குறுக்கே லாரி வருமா என்று அம்மா கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேனின் முன்சீட்டில் உட்காரவைத்தாள்.

“எங்க குப்பத்துல படகுக்கு ஒட்டு போட்டா, போட்டவன் வூட்டுப் புள்ளயத்தான் மொதல்ல ஏத்தி, முகத்துவாரம் வரிக்கும் ஒரு ரவுண்டு வுடுவாங்க. அதுக்கப்புறம்தான் மத்தவன் கால வெப்பான். இன்னாயா பாத்துகினு கீற? இட்டுகினு போ.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தார். வைத்த கை வைத்தபடியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, போப்பா போப்பா என்று நச்சரித்தேன். அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மறுபடி ஜாக்கி ஏறியது, சக்கரம் இறங்கியது. என் ராசியே இப்படித்தான் என்று அழுதேன்.

தண்டையார்பேட்டையில் அப்பாவுக்குத் தோஸ்தான பாய் ஒருவர் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை லீவு விடுகிறவர் என்பதால் ஞாயிறு திறந்திருந்தது. அப்பா சைக்கிளில் போய் அவரிடமிருந்து சாமான்கள் இரவல் வாங்கி வந்தார். அழுகையை மறந்து நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

முதலில் டிரில்லால் ஓட்டையைப் பெரிதாக்கினார். பிறகு மரை வெட்டுகிற டேப்பை உள்ளே விட்டு, அரைச்சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி அரைச்சுற்று. எதையும் போட்டு முறுக்குகிற மனுஷன், கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிறவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். இரும்பு சுருள்சுருளாக மணலில் விழுந்தது. அப்புறம் பொட்டலத்திலிருந்து ஒரு குட்டிக் கம்பிச்சுருளை எடுத்தார். பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் அளவுதான் இருக்கும். அதை ஓட்டைக்குள் வைத்துத் திருகத் திருக, அது உள்ளே போய் மறைந்தேபோனது. டார்ச் அடித்து என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார்.

அம்மாடியோ! காலையில் மொட்டையாக இருந்த ஓட்டைக்குள் பளபளவென்று புது மரை, சுற்றுக்குமேல் சுற்றாகப் போய்க்கொண்டே இருந்தது. இரும்புக்குள் இரும்பை முளைக்கவைக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.  கடவுளுக்கு அடுத்தபடி என் அப்பாதான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். போல்ட் விரலால் திருகியே உள்ளே ஏறியது. போதுமான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கிற அளவு ஸ்பேனர் ஒன்றை பாய் கொடுத்திருந்தார்; அது ‘டிக்’ என்றதும் அப்பா கையை எடுத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்த நேரம். என்னை ஏறச் சொன்னார். நான் ஓடிப்போய் முன்சீட்டைப் பிடித்தேன். அம்மா என் கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

“தள்ளிக் குந்து,” என்றாள்.

அந்த ஒரே சீட்டில் என்னை நெருக்கிக்கொண்டு, தம்பியை மடியில் வைத்து அவளும் உட்கார்ந்தாள். அப்பா வண்டியைக் கிளப்பினார். எர்ணாவூர் வரை போனோம். ஓரிடத்தில் அப்பா வேண்டுமென்றே ஓங்கி பிரேக் அடித்தார். வண்டி அடித்த இடத்திலேயே நின்றது. அம்மா கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு, நாளைக்குப் பிள்ளைகளை ஏற்றலாம் என்றாள்.

நான் வழிநெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். காலையில் எனக்கே எனக்கென்று கொடுத்த சீட்டில் இப்போது இவள் ஏன் வந்து இடிக்கிறாள் என்று அப்பாவிடம் புகார் வேறு. காலையில் என்னை ஏற்றிவைத்தால் அப்பா அந்த வண்டியைக் கிளப்பவே மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது எனக்கு எங்கே தெரியும்.