ஏறல

குழிக்குள் இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டுச் சேற்றை வழித்து வெளியே போடுகிறாள் மாரிக்கனி. சேற்றோடு ஒரு தவளையும் வருகிறது. அதன் காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக விடுகிறாள். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த நீள இரும்புச் சாவியை வால்வின் தலையில் மாட்டி, உடம்பையும் சேர்த்துச் சுற்றித் திருகுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பதினொன்று வந்ததும் நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். மண்ணுக்கடியில் குழாய் இருமுகிறது. "போயிருச்சு" என்கிறாள், ஊருக்குப் பிள்ளையை வண்டியேற்றி விட்டவளைப் போல. மேலத்தெருவில் அந்நேரம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை தெரியும்.

முப்பத்துநாலு ஆண்டுகள் நான் பையோடு நடந்தபோது அந்த வாசல்களில் அப்படித்தான் தலை தெரிந்தது. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊரில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்தது என் கத்தரிக்கோல். இப்போது நான் நடந்தால் நாய்கூடத் தலை தூக்குவதில்லை. மாரிக்கனி தோளில் சாவியோடு வந்தால் தெருவே எழுந்து நிற்கிறது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் உள்ளே திரும்பினால் எங்கள் பூவலிங்கபுரம். அதன் குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர் மாரிக்கனி. வயது நாற்பத்தாறு இருக்கும். முன்பு இருந்தவர் திருப்பூருக்குப் போனபோது, ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்றார்கள். ஒன்பது ஆண்டுகள் ஆயின. இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் தின்ற நகங்கள். தேங்காய் எண்ணெய் தடவு என்று பலமுறை சொல்லிவிட்டேன். "எண்ணெய் தடவுனா சாவி வழுக்கும் நர்ஸம்மா" என்பது பதில். கொண்டையில் பூ இருக்காது; ஒரு நீலப் பேனா இருக்கும்.

வால்வுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். மேலத்தெரு வால்வு பெரியாளு. கீழத்தெரு வால்வு கோவக்காரி, இடதுபக்கம் சிக்கிக்கொள்ளுமாம். "இன்னைக்கு கோவக்காரி நல்லா இருக்கா, ஆனா என்ன செய்ய, குடுத்தனுப்பத் தண்ணி இல்லையே" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போவாள்.

அவள் சொல்வது உண்மை. தொட்டி முழுசாக நிறைந்திருந்தால்தான் கீழத்தெருவின் கடைசி மேட்டுக்குத் தண்ணீர் ஏறும். முதல் முறை மேலத்தெருவுக்கு என்பது ஊராட்சித் தீர்மானம். நாங்கள் பிடித்தது போக மிஞ்சுவது பாதித் தெருவோடு நின்றுவிடும். நான் மேலத்தெருக்காரி. தீர்மானம் போட்ட நாளில் நான் ஒன்றும் பேசவில்லை. மாரிக்கனி கீழத்தெருக்காரி. பதினொரு சுற்றில் அரைச் சுற்றைக்கூட அவள் குறைத்ததில்லை. குறைத்திருந்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கீழத்தெருவின் கடைசி வீடு ஞானபாக்கியத்தினுடையது. சர்க்கரைப் புண். தினமும் காலையில் நான் போய்க் கட்டு மாற்றுகிறேன். சத்திரப்பட்டிக் கட்டுத்துணி, உப்புத் தண்ணீர், பத்து நிமிட வேலை. அந்த வீட்டு வாசலில் புதுக் குழாய் ஒன்று இருக்கிறது. அதில் ஞானபாக்கியம் ரேஷன் பையை மாட்டி வைத்திருப்பாள். மாரிக்கனி தினமும் ஏழு மணிக்கு வந்து பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு குழாயைத் திறப்பாள். புஸ்ஸென்று காற்று வரும். மூடிவிட்டுப் பையைத் திரும்ப மாட்டுவாள். தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மடியில் வைத்திருப்பாள். அதை எடுத்து, கொண்டையிலிருந்து பேனாவை உருவி, தாளின் பின்பக்கம் எழுதுவாள்: 'ஏறல.' அது மோட்டார் ரூமில் ரசீது குத்துவதுபோல் தாள் குத்தி வைக்கத் தொங்கும் குத்துக்கம்பிக்குப் போகும்.

காலைப் பிடித்துக்கொண்டு சீழ் துடைப்பவள் நான். ஞானபாக்கியம் காப்பி ஆற்றி வைத்துக் காத்திருப்பது காற்றைத் திறந்து காட்டுகிறவளுக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை.

எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரியாததா? பதினாறு பதிவேடுகள் வைத்திருந்தேன், அச்சுப் போன்ற கையெழுத்தில். மேலதிகாரிகள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் படித்ததில்லை. ஆய்வு வருகிறது என்றால் முந்தைய நாள் உட்கார்ந்து, போகாத வீட்டுக்கும் போனதாக நிரப்பியிருக்கிறேன். ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று நீலம், கறுப்பு என இரண்டு பேனா வைத்திருந்தேன். எல்லாரும் வைத்திருந்தோம்.

இனி, குழு வந்த கதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சட்டமன்றத்தில் எங்கள் கீழத்தெருவைப் பற்றிக் கேள்வி வந்தது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் தினமும் குழாயில் தண்ணீர் கிடைக்கும் என்று பதில் வந்தது. மன்றத்தில் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாம். சொன்னது நடந்ததா என்று பார்ப்பதற்கென்றே உறுப்பினர்களின் குழு ஒன்று மாவட்டம் மாவட்டமாக வருமாம். ஊராட்சிச் செயலர் பாலகணேஷ்தான் எனக்கு விளக்கினான். குழாய் நட்டாகிவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. குழு வந்து 'நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால் கோப்பு மூடிவிடும். 'நிலுவையில் உள்ளது' என்று எழுதினால், கீழத்தெருவுக்குத் தனித் தொட்டி வேண்டும் என்று கேட்க ஒரு வாசல் திறந்திருக்கும்.

குழு வருவதற்கு முந்தைய நாள் காலை, நான் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது குடிநீர்த் திட்டத்தைப் பார்க்கும் பொறியாளர் பைக்கில் வந்தார். சின்ன வயது, நல்ல சட்டை, தூக்கம் கெட்ட கண். குழாயில் தொங்கிய பையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டுப் பிறகு எப்போது மாட்டலாம் என்று ஞானபாக்கியம் கேட்டாள். நக்கலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் மாரிக்கனியிடம் திரும்பினார். "நாளைக்கு மேலத்தெருவுக்குத் திறக்காத. தொட்டிய நிறைச்சு மொத்தத்தையும் இங்க விடு. குழு வரும்போது பீச்சி அடிக்கணும்."

"அப்ப மேலத்தெரு முறை?"

"ஒரு நாள்தானம்மா."

"அவிய வந்து பிடிச்சா யார் பேரச் சொல்ல?"

"என் பேரச் சொல்லு."

மாரிக்கனி கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். "உங்க பேரு என்ன சார்?" என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரியா என்றும் கேட்டாள். பிறகு, "சரி சார், விட்டுருதேன்" என்றாள்.

அவள் சரி என்றதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. மறைப்பதற்கில்லை. இவளும் கட்டம் நிரப்புகிறவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கட்டை வழக்கத்தைவிட அழகாகப் போட்டேன்.

மறுநாள் என் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. பத்து மணிக்கு எல்லாரும் கீழத்தெருவில் கூடிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ கட்டடத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்கு ஏழு வண்டிகள் வந்தன. குழுத் தலைவர் நரைத்த மீசைக்காரர். வண்டியிலிருந்து இறங்கிய விதத்திலேயே அவருக்கு இடது முழங்கால் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஞானபாக்கியத்தின் குழாயைத் திறந்தார். தண்ணீர் அவர் செருப்பையும் வேட்டிக் கரையையும் நனைத்துவிட்டுத் தெருவில் ஓடியது. தண்ணீர் வருதாம்மா என்று கேட்டார். ஞானபாக்கியம் ஓடும் தண்ணீரைப் பார்த்து, வருது என்றாள். அவள் என்ன செய்வாள், வந்துகொண்டுதானே இருந்தது. கூட வந்த சட்டமன்றத்து அதிகாரி கோப்பில் எழுதிவிட்டு, "நிறைவேற்றப்பட்டது" என்று உரக்க வாசித்தார். பொறியாளர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார்.

அத்தோடு வண்டி ஏறியிருப்பார்கள். தலைவருக்கு முழங்கால் விடவில்லை; செத்த நேரம் உட்கார வேண்டும் என்றார். பக்கத்தில் நிழல் என்றால் மோட்டார் ரூம்தான். அங்கே இருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே குத்துக்கம்பி தொங்கியது.

அது என்னம்மா என்று கேட்டார். கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஏறிய கணக்கு என்றாள் மாரிக்கனி. அவர் கம்பியைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஏறல. ஏறல. பாதித் தெரு. ஏறல. கரண்டு இல்ல. ஏறல. என் பதிவேட்டை ஒரு மனிதர் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. வாசலில் நின்று அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லலைய்யா. எழுதலேன்னா சண்டை வருது. ஞானபாக்கியம் அக்கா திங்கக்கெழம ஏறிச்சும்பா, நான் இல்லேம்பேன். தாளக் காட்டுனா வாயடச்சிருவா."

கம்பியின் மேல் முனையில் அன்றைய தாள் இருந்தது. தலைவர் அதை வாய்விட்டு வாசித்தார். 'ஏறிச்சு. மேலத்தெரு முறைய நிறுத்தி விட்டது.' அதன் கீழே பொறியாளரின் பெயர், இனிஷியலோடு, பிழையில்லாமல். பொறியாளர், "சார், அது வந்து" என்று தொடங்கினார். தலைவர் அவரைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஏறுமாம்மா?"

"ஏறாதுய்யா. நாளைக்கு அவியளுக்குத் தொறக்கணும்லா." என்னைத்தான் கைகாட்டினாள்.

கோபமோ பயமோ துணிச்சலோ அவள் முகத்தில் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பது என் தொழில். குழாயைத் திறந்து காட்டுவதுபோல்தான் சொன்னாள்.

தலைவர் அதிகாரியிடம், அடித்துவிட்டு நிலுவை என்று எழுதச் சொன்னார். அதிகாரியின் பேனா எழுதவில்லை. இரண்டு முறை உதறிப் பார்த்தார். மாரிக்கனி தன் பேனாவை உருவி நீட்டினாள். அந்தப் பேனாவால்தான் 'நிறைவேற்றப்பட்டது' அடிபட்டது. தாள்களைக் கம்பியிலிருந்து உருவி, ஆவணம் என்று கோப்பில் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். வண்டிகள் கிளம்பின.

பொறியாளர் பின்தங்கினார். இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காமல் போகாது என்றும், சாவி கைமாறும் என்றும் சொன்னார். "இப்பவே வேணுமா சார்? வேணும்னா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க" என்றாள் மாரிக்கனி. அவர் பைக்கை உதைத்துக்கொண்டு போனார். வேலை போனாலும் போகும். பாலகணேஷும் அப்படித்தான் சொன்னான். ஞானபாக்கியம் பையைக் கொண்டுவந்து குழாயில் மாட்டினாள்.

அன்று மத்தியானத்துக்குள் ஊர் வாட்சப் குழு முழுக்க மாரிக்கனி. என் மருமகள் செல்வலட்சுமி அந்தக் கதையை மூன்று பேருக்குப் போனில் சொன்னாள், என் காது கேட்கவே. "எழுதி வச்சிருந்தாளாம்ல" என்று ஒவ்வொரு முறையும் அழுத்தினாள். நானும் எழுதி வைத்தவள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை. பித்தம் என்று எடுத்துக்கொண்டு மோர் குடித்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. சேற்றை வழித்தாள். பெரியாளுக்குப் பதினொரு சுற்று. எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. என் குழாய் நிறையக் கொடுத்தது. ஏழு மணிக்கு நான் ஞானபாக்கியத்தின் காலை மடியில் வைத்துப் பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாரிக்கனி வந்தாள். பையைக் கழற்றித் தோளில் போட்டாள். குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்றது. மூடிவிட்டுப் பையை மாட்டினாள். மடியிலிருந்து தாளை எடுத்துவிட்டுக் கொண்டையில் கை வைத்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"அந்த ஆபீசரு என் பேனாவயும் சேத்துக் கொண்டு போயிட்டாரு" என்றாள். "நர்ஸம்மா, உங்ககிட்ட இருக்கா?"

என் பையில் எப்போதும் இரண்டு இருக்கும். ஏட்டி, ஒரு பேனாவக்கூடப் பத்திரமா வச்சிக்கிடத் தெரியலையா என்று திட்டிக்கொண்டே கறுப்பை எடுத்துக் கொடுத்தேன். சுவரில் தாளை வைத்து மூன்று எழுத்து எழுதினாள். மை காயட்டும் என்று ஊதினாள். பிறகு பேனாவைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, சாவியைத் தோளில் தூக்கிப் போட்டுப் போனாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.