நுரை வழித்த கை

குமுதாவுக்குத் தெரிந்த எண்ணெய் இரண்டுதான். தாளிக்க ஒன்று, தலைக்கு ஒன்று. அப்படிப்பட்டவள் தான் குடியிருக்கும் சிலிபினில் பஸ் ஏறிப் பெட்ரோலிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள் என்றால் அக்கம்பக்கத்தில் யார் நம்புவார்கள்?

அங்கே கிருஷாந்தி என்ற ஆய்வாளருக்கு அவள் உதவியாள். பூமிக்கடியில் பாறைத் துளைகளுக்குள் எண்ணெய் ஒட்டிக் கிடக்கும். தண்ணீரை விட்டுத் தள்ளினாலும் பாதி நகராது. பிசுக்குப் பாத்திரத்துக்குச் சவர்க்காரம் போல, அதைக் கழற்றிவிட ஒரு மருந்து வேண்டும். செம்பனை எண்ணெயிலிருந்தே அப்படி ஒன்றைக் கிருஷாந்தி செய்திருந்தாள். சின்னப் பாறைத் துண்டில் எண்ணெய் ஏற்றி, மருந்துக் கரைசலைச் செலுத்திப் பார்ப்பார்கள். கரைசல் கலக்குவது குமுதாவின் பொறுப்பு.

இரண்டு தடவை பார்த்தாயிற்று, எண்ணெய் அசையவில்லை. இன்னொரு தடவை தோற்றால் ஆய்வை மூடிவிடுவார்கள், குமுதாவின் வேலையும் போய்விடும்.

மூன்றாவது கரைசலைக் கலக்கும்போது வாளியில் வெள்ளைவெளேரென்று நுரை எழும்பியது. பார்த்ததும் குமுதா நினைப்பில், தான் முன்பு வேலை செய்த தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே போய்விட்டாள். பால்மரக் காடு இருந்த காலம். பால் சேர்க்கும் ஸ்டோரில், தொட்டியில் ஊற்றிய ரப்பர் பால் உறைவதற்குள் நுரை வழிப்பது அவள் வேலை. ஒரு கொப்புளம் தங்கினாலும் உறைந்து வரும் ரப்பர் ஷீட் கெட்டுவிடும். பக்கத்துத் தொட்டியில் அவள் சிநேகிதி வீரம்மா. பாலை உறையவைக்கும் ஆசிட் வாடையில் கண் எரிய எரிய இருவரும் கதை பேசிச் சிரிப்பார்கள். குமுதா வழித்தால் பால் கண்ணாடி மாதிரி நிற்கும் என்று கணக்கெழுதும் கிராணியே சொல்வார். அதெல்லாம் ஒரு காலம்.

அதே கைப்பழக்கத்தில் இப்போதும் பிளாஸ்டிக் தகட்டால் லாவகமாக வழித்து நுரையைச் சிங்க்கில் தட்டினாள். உள்ளே வந்த கிருஷாந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்?"

"நுரை எடுக்கிறேன்லா. சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்களே."

"முந்தி ரெண்டு தரமும் எடுத்தீங்களா?"

"எடுக்காம விடுவேனா?"

கிருஷாந்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மருந்து நுரையிலதான் அக்கா போய்ச் சேரும். பாதி மருந்தை நீங்கள் சிங்க்கில ஊத்திட்டீங்கள்."

குமுதாவின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் புதுக் கரைசல். கலக்கிவிட்டு, நுரை தானாக அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருப்பது லேசான காரியமா என்ன? சாயங்காலம் கண்ணாடிக் குழாயில் கறுப்பாக எண்ணெய் இறங்கியது.

"தப்பியாச்சு, அக்கா," என்றாள் கிருஷாந்தி.

குமுதாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தோட்டத்தை விற்றபோது, சாமான்களோடு லோரி ஏறிய அன்றுகூட அவள் அழவில்லை. வீடு போனால் என்ன, மரம் போனால் என்ன, கை இருக்கிறதே என்று வந்துவிட்டாள். இன்றைக்கு அந்தக் கை கற்ற வேலையே கெடுதல் என்றாகி, அதற்கும் தோட்டத்தை மூடிவிட்டார்கள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.