மேசையின் இடப்பக்கம்

வீட்டில் அவளுக்குப் பெயர் சி.ஐ.டி. வைத்தவர் கணவர். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால் அவள் தராசைத்தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து நலம் விசாரித்துப் போனால், "எதுக்கு வந்தா?" என்பாள்.

தொழில் கொடுத்த குணம் அது. பாதி ஆயுளை, செத்துப்போனவர்களின் சின்னப் புகைப்படங்களைப் பார்த்து வண்ணத்தில் பெரிதாக வரைந்து கொடுப்பதில் கழித்தவள். உயிரோடு இருந்தவரை மனைவியைச் சிரிக்கவிடாத ஒருவர், "முகத்துல கொஞ்சம் சிரிப்பு வைங்கம்மா" என்று கேட்டு வாங்கிப் போனார். அப்பாவைத் தெருவில் விட்ட மகன், அவருக்குப் புதுக் கோட்டு போட்டுத் தரச் சொன்னான். படம் கேட்டு வருகிறவர் எதை மூடி மறைக்கப் பார்க்கிறார் என்பதில்தான் அவள் கண் முதலில் போகும்.

அதனால், ராணுவ மருத்துவமனையின் பெரிய டாக்டர் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது, முதல் வாயிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சண்டை நடந்தப்ப, சுத்தி குண்டு விழ விழக் கூடாரத்துலயே ஆபரேஷன் பண்ணோம்ல, அதை வரையணும். பொழைச்ச பையன் இன்னைக்கு ஓடியாடிட்டு இருக்கான். மண்டபத்துல மாட்டப்போறோம்" என்றார்.

யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே காகிதத்தில் போட்டு வைத்திருந்தார். மேசைக்கு வலப்பக்கம் கத்தியோடு அவர். எதிரே இடப்பக்கம், தட்டு ஏந்தி மூத்த நர்ஸ். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர். கால்மாட்டில் இளைய நர்ஸும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவரும்.

துணி அடுக்கும் அறையில் வேலை தொடங்கியது. நடுவில் ஒரு மேசை. வேலை முடிந்து ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். பெரிய டாக்டர் மட்டும் தனக்குப் புகைப்படம் போதும் என்றுவிட்டார். "அன்னைக்கு எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க" என்பாள். நின்ற நிலையையும், கை இருந்த உயரத்தையும், கண் போன திசையையும் கரியால் குறித்துக்கொள்வாள்.

ஸ்ட்ரெச்சர்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். "உசுரோட இருக்கறவனை வரைஞ்சா ஆயுசு குறையும்னு சொல்றாங்களே."

"கண்ணாடில தினமும் மூஞ்சி பாக்கறீங்களே, அதுக்குக் குறையலையா? நில்லுங்கண்ணே."

நின்றார்.

முகங்களைப் பெரிய ஓவியத்திரைக்கு மாற்றியதும், வழக்கம்போல ஒவ்வொரு கண்ணருகிலும் ஊசி குத்தி, பார்வை போன பக்கம் நூல் இழுத்துக் கட்டினாள். கூட்டமாக வரையும்போது பார்வை பிசகினால் எல்லோரும் ஆளுக்கொரு கனவில் நிற்பதுபோல் ஆகிவிடும். நூல்கள் கத்தி இருக்கும் இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வரவில்லை. மூன்று பேரின் நூலும் மூத்த நர்ஸின் இடத்தில் போய் முடிச்சாக நின்றன. மூத்த நர்ஸின் நூல் மட்டும் நேராகக் கீழே, மேசைக்கு. பெரிய டாக்டரை ஒரு நூல்கூடத் தொடவில்லை.

அந்த அம்மா அன்றைக்கு ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். எல்லோர் கண்ணும் அந்த அம்மா மேல், அந்த அம்மா தலை குனிந்து. வேறென்ன? நைசாகப் பெரிய டாக்டரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

அவர் கதவைச் சாத்தினார். "அவங்க மேல ஒரு புகார் வந்திருக்கணும்மா. பாவம்னு நான்தான் அமுக்கி வச்சேன். அவங்க ஏதாவது பேசினாங்களா?"

கேட்காத கேள்விக்குப் பதிலும், பதிலோடு ஒரு கேள்வியும். அவளுடைய சந்தேகம் அந்த நொடியில் பக்கம் மாறியது.

மறுநாள் ஸ்ட்ரெச்சர்காரரை மீண்டும் வரவழைத்தாள். "அண்ணே, கத்தி வலப்பக்கம் இருக்கு. நீங்க இடப்பக்கம் பாக்கறீங்க. என்ன சமாச்சாரம்?"

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலப்பக்கம் யாரு இருந்தா பாக்கறதுக்கு? முதல் குண்டுக்கே பெரியவர் பதுங்குகுழிக்குப் போயிட்டார். வெட்டினது, ரத்தக்குழாயைப் பிடிச்சுக் கட்டினது, தைச்சது எல்லாம் அக்காதான். அப்பக்கூட அவர் இடத்துல போய் நிக்கல பாருங்க. டாக்டர் நிக்கற இடம்னு, தன் பக்கத்துல இருந்தே எட்டி எட்டிப் பண்ணாங்க. வெளிய சொல்லிடாதீங்க. நர்ஸ் கத்தி எடுத்தாங்கன்னு தெரிஞ்சா அக்கா வேலை போயிடும்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. உயிரைக் காப்பாற்றிய கைக்குத் தண்டனை, குழிக்குள் ஒளிந்த கைக்குப் படம். இதைச் செய்ய ஒரு கொடுங்கோலன்கூடத் தேவையில்லை. விதிமுறை என்ற சொல் போதும். உண்மையை வரைந்தால் அந்த அம்மாவின் பிழைப்பில் மண். பொய்யை வரைந்தால் தன் கையிலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்.

"என்ன சி.ஐ.டி., கேஸ் முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. பிடிச்சா நல்லவங்க மாட்டிப்பாங்க."

காகிதத்தில் இருந்தபடியே வரைந்தாள். பெரிய டாக்டர் கையில் கத்தி, அந்த அம்மா கையில் தட்டு. கண்களை மட்டும் மாற்றவில்லை.

பெரிய டாக்டர் வந்து படத்தின் முன் வெகுநேரம் நின்றார். நெருங்கினார், தள்ளிப் போனார். "எல்லாரும் ஏன் அங்க பாக்கறாங்க?"

"அவங்க நின்ன மாதிரிதான் சார் வரைஞ்சேன்."

"என்னைப் பாக்கற மாதிரி மாத்துங்க."

"மாத்திடலாம் சார். அவங்களை மறுபடியும் அனுப்புங்க. நீங்களும் மேசைகிட்ட வந்து நில்லுங்க. எல்லாரும் உங்களைப் பாத்தாங்கன்னா அப்படியே வரைஞ்சு குடுத்துடறேன்."

இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் அவள் முகத்தில் தேடினார். அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கெல்லாம் வேலை இருக்கு. இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபத்துக்கு எடுத்துப் போகும் முன் மூத்த நர்ஸ் பார்க்க வந்தாள். அவள் பார்வை முதலில் தன் கைக்குத்தான் போனது. தட்டு. மூச்சு விட்டாள். பிறகு இளைய நர்ஸின் கண், மயக்க மருந்து டாக்டரின் கண், ஸ்ட்ரெச்சர்காரரின் கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டென்று திரும்பி இவளை முறைத்தாள்.

"யாரு சொன்னா உங்ககிட்ட?"

"யார் என்ன சொல்லணும்? தட்டைத்தானே பாக்கறாங்க."

அந்த அம்மா படத்தின் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"தட்டுல கத்தரி தலைகீழா இருக்கு" என்றாள் கடைசியில். "எடுக்கறவங்க கைக்குப் பிடி வரணும். திருப்பி வைங்க."

இவள் உட்கார்ந்து, பிடி இடப்பக்கம் வரும்படி கத்தரியைத் திருப்பி வரைந்தாள்.