கேமராவுக்கே தெரியாத லென்ஸ்

அல்சூர் மெட்ரோவில் இன்று காலை என் பை மட்டும் எக்ஸ்ரே பெல்ட்டில் நின்றுவிட்டது.

உள்ளே என் கேமராவோடு இருந்தது நண்பனிடம் இரவல் வாங்கிய பழைய சினிமா லென்ஸ். பெயர்கூடத் தேய்ந்துபோன கனமான உலோகக் குழல். திரையில் கறுப்பாக, உருளையாகத் தெரிந்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

“ஏனிது?” என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார் செக்யூரிட்டி அம்மா.

“லென்ஸ் மேடம், சினிமாது. ஹளேது… பழசு.”

என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். “கேமராவுல மாட்டி இந்த ட்ரேயை ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க சார்.”

மாட்டி அழுத்தினேன். ‘லென்ஸ் இல்லை’ என்றது கேமரா.

“லென்ஸே இல்லைங்குது?”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் பக்கத்து வரிசைக்கு நகர்ந்தார்கள். ஒரு போலீஸ்காரர் என்னை நோக்கி நடந்து வந்தார்.

அப்போதுதான் உறைத்தது. பழைய லென்ஸைக் கேமராவால் அடையாளம் காண முடியாது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். நேற்று அப்டேட் போட்டதில் அந்த செட்டிங் போய்விட்டது.

தட்டுத்தடுமாறி மாற்றினேன். க்ளிக்.

“சரி, போங்க சார்.”

இந்தப் பதிவுக்கு மேலே படத்தில் இருப்பது அந்த ட்ரேதான். கனவு போன்ற இந்த மங்கல் எந்த லென்ஸில் வரும் என்று கமெண்டில் கேட்காதீர்கள். அது என் கை நடுக்கம்.