சக்கரத்தடியில் ஒரு செருப்பு

முன்னறையிலிருந்து செருப்பைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் இருந்தவளின் கை தானாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம். வயலிலிருந்து திரும்பும் கணவர் வாசலில் இடது செருப்பை இரண்டு தட்டு, வலது செருப்பை இரண்டு தட்டு தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். முதல் இரண்டு தட்டு கேட்டது. அடுத்த இரண்டுக்காகக் காது கொடுத்து நின்றாள். வரவில்லை.

வரவும் வராது. அந்த மனிதரை மண்ணுக்குக் கொடுத்து மூன்று நாளாகிவிட்டது.

செம்பை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மசிக்கூடு, பேனா, சர்க்கார் முத்திரை போட்ட ஒரு தாள். வாசல் கதவோடு ஒரு போலீஸ்காரர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது லேசில் மூடாத கதவு. தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு சாண் இடைவெளியோடு அவர் விட்டுவிட்டார்.

சுவரோரம் கையில் விலங்கோடு குந்தியிருந்தான் அவளுடைய கொழுந்தன். பதினோரு வருடம் கழித்து இந்த வீட்டுக்குள் கால் வைத்திருக்கிறான். வைத்த கோலம் இது.

“உக்காருங்கம்மா. இன்னிக்கு இந்தத் தாளை முடிச்சு துரைக்கு அனுப்பணும்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நான் எழுதறதைப் பொறுத்துத்தான் இவன் வீட்டுக்குப் போறதும், தூக்குமேடைக்குப் போறதும்.”

அவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள். தாலி கட்டிய மனிதரைக் கூடப்பிறந்தவனே அடித்துக் கொன்றானா, இல்லையா? இந்த மூன்று நாளும் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அந்த ஒரு கேள்விதான். இழவு வீட்டில் எல்லோரும் கொன்றான் என்றார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

“தொழில்?”

“விவசாயம்.”

“வயசு?”

“ஐம்பது இருக்கும். சரியாத் தெரியாதுங்க.”

“ஆள் எப்படி? கோபக்காரரா?”

அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அவருக்கு ஊர் வைத்த பெயரே ‘நிதானம்’. பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்து ஏர் பிடித்தவர். தம்பிக்கு அப்போது நாலு வயது. மேட்டுப் பக்கம் யாருக்கும் வேண்டாத கல்லாங்காட்டைச் சர்க்காரிடம் வாங்கி, ஆறு வருடம் கல் பொறுக்கியே நிலமாக்கினார். மாடு கன்று ஈனுகிறதென்று தன் கல்யாணத்துக்கே அரை நாள் தாமதமாக வந்தவர். ஒருமுறை குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை வழி கேட்டபோது, உழுதுகொண்டிருந்த சால் முழுவதையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்துதான் பதில் சொன்னார். அதுவரை துரை வெயிலில் நின்றார்.

“கோபம் வர்றதுக்கே அவருக்கு ஒரு வாரம் ஆகும்ங்க,” என்றாள். “ஆனா வந்துட்டா போகாது.”

“தம்பி மேல வந்த கோபம்?”

“பதினோரு வருசமா இருந்துச்சு.”

கொழுந்தன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை நனைத்தார். “நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. மேட்டுல எரு வண்டியை நிறுத்திட்டு மாட்டை அவுத்திருக்காரு. வண்டி உருண்டு பள்ளத்துல அவர் மேல கிடந்தது. இவன் கடப்பாரையோட பக்கத்துல நின்னதை ஆடு மேய்க்கிறவர் பார்த்திருக்காரு. வண்டியை நெம்பித் தூக்கத்தான் கடப்பாரைங்கறான் இவன். நம்பலாம். ஆனா இந்தச் செருப்பு இடிக்குதே.”

“என்னங்க இடிக்குது?”

“இது மேட்டுல தனியாக் கிடந்தது. ஆள் கிடந்தது முப்பதடி கீழ. அடி வாங்கி, செருப்பை விட்டுட்டு ஓடின மாதிரி இல்லே இருக்கு?”

அவள் நிமிர்ந்தாள். செருப்பு எங்கே கிடந்தது என்று இதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“மேட்டுல எங்கே? வண்டி நின்ன இடத்துலயா?”

“சக்கரத் தடம் ஆரம்பிக்கிற இடத்துல. ஏன்?”

“இடது செருப்புங்களா?”

“இடதுதான்.”

அவள் உள்ளறைக்கு ஓடினாள். கலப்பைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். தூக்கிப் போட மனமில்லாமல் அவர் செருகி வைத்திருந்த பழைய ஜோடி கையில் தட்டுப்பட்டது. இடதை மட்டும் எடுத்து வந்து இன்ஸ்பெக்டரின் தாள் மேலேயே வைத்தாள்.

“அடியைப் பாருங்கய்யா.”

பழைய செருப்பின் அடியில், குறுக்கே விரல் புதையும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடியது. தேய்ந்து தேய்ந்து உண்டான, நேரான பள்ளம். இரும்புப் பட்டை அகலம்.

“இது என்ன?”

“சக்கரத்து இரும்புப் பட்டையோட தடம். மேட்டுல வண்டியை நிறுத்தினா இடது செருப்பைக் கழட்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாரு. ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டி வேலை செய்வாரு. கேக்காதவ இல்லை நான். ‘காடு பூரா கல்லு கிடக்கு, செருப்புத்தான் கிடைச்சுதா உங்களுக்கு’ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“ஏன், முட்டுக்கட்டை இல்லையா?”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பதினோரு வருடத்தில் அவன் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பாகம் பிரிச்சப்போ வண்டி அண்ணனுக்கு வந்துச்சு,” என்றான் மெதுவாக. “முட்டுக்கட்டை என் சாமானோட வந்துடுச்சு.”

“வந்துடுச்சா? நீ வேணும்னே தூக்கிட்டுப் போனே,” என்றாள் அவள்.

“ஆமா அண்ணி. வேணும்னுதான். ஒரு நாள் வாசல்ல வந்து நின்னு, ‘எடுடா கட்டையை’ன்னு கேப்பாருன்னு பார்த்தேன்.”

“அவரா கேப்பாரு? புதுசா ஒண்ணு செதுக்கிக்கங்கன்னா, ‘என் கட்டை அவன்கிட்ட இருக்கு, அவன் கொண்டாரட்டும்’பாரு. நல்ல அண்ணன், நல்ல தம்பி.”

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேட்டில் கிடந்த புதுச் செருப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மண் உதிர்ந்த அடித்தோலில் சாய்வாக ஒரு சிராய்ப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

“வழுக்கியிருக்கு,” என்றார். “புதுத் தோல். எண்ணெய் போட்டிருக்கான் தைக்கிறவன். பழசுல பட்டை உக்காரப் பள்ளம் இருந்தது. இதுல இல்லை.” சிராய்ப்பின் மேல் விரலை ஓட்டியவர், “ஓடினவன் விட்ட செருப்புல சக்கரம் ஏறியிருக்காது. அவரே வச்ச செருப்புத்தான்,” என்றார்.

நெஞ்சில் கிடந்த கல் அசைந்து உருண்டது. அடிக்கவில்லை. அவன் அடிக்கவில்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் கையால் சாகவில்லை அந்த மனிதர். தரையில் உட்கார்ந்து, மூன்று நாளாக வராத அழுகையை அழுது தீர்த்தாள். அழ அழ உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பழசு கிழிஞ்சு தொங்குதுன்னு புதுச் செருப்பு தைக்கச் சொன்னது நான்தாங்கய்யா. வேண்டாம் வேண்டாம்னாரு. நான்தான் காலைப் பிடிச்சு மாட்டிவிட்டேன். அதையும் எழுதிக்கங்க.”

இன்ஸ்பெக்டர் தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “அதுக்கு இதுல இடம் இல்லைம்மா,” என்றார். “கட்டைக்கும் இடம் இல்லை. ‘விபத்து’ன்னு ஒரு வார்த்தை எழுத மட்டும்தான் இடம் விட்டிருக்காங்க.” எழுதினார். மசி காயும் வரை ஊதினார். போலீஸ்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, விலங்கு கழன்றது.

கொழுந்தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

“கடைசியா ஏதாவது பேசினாரா?” என்று கேட்டாள். கேட்க வேண்டுமென்று மூன்று நாளாகத் தவித்த கேள்வி. கொன்றவனிடம் கேட்கக் கூடாதென்று அடக்கி வைத்திருந்தாள்.

“பேசினாரு அண்ணி. வண்டியை நெம்பிட்டு மடியில தூக்கி வச்சேன். கண்ணைத் தெறந்து பார்த்தாரு. ‘டேய், மாடு ரெண்டும் சோளத்துல இறங்குது பாரு, பிடிச்சுக் கட்டு’ன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். போய்க் கட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள…” தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சோளம் என்னுது அண்ணி.”

சாகப் போகிற நேரத்திலும் தம்பியின் சோளத்துக்குக் காவல் இருந்திருக்கிறார். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடக் கோபத்தை இறக்கி வைக்கவும் அவர் தன் நிதானத்திலேயேதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு இடது செருப்புகளையும் காகிதத்தில் சுற்றினார். “இது ரெண்டும் துரை பார்வைக்குப் போகணும். திரும்பி வரும்னு சொல்ல முடியாது.”

“பழசை மட்டுமாவது குடுத்தனுப்புங்கய்யா.”

“பார்க்கறேம்மா,” என்றார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, போலீஸ்காரரோடு படியிறங்கினார். போகிற போக்கில் போலீஸ்காரர் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது பழையபடி ஒரு சாண் திறந்தே நின்றது. இடைவெளியில் தெருப் புழுதியும் வெயிலும் உள்ளே வந்தன.

“நாளைக்குக் கட்டையைக் கொண்டுவந்து வைக்கிறேன் அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“கொண்டா. இப்போ கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. மூணு நாளா அங்க என்னத்தைத் தின்னியோ.”

அவன் கதவருகே போனான். சட்டத்தைப் பிடித்தான். யோசிக்கவேயில்லை. வலது பாதத்தைக் கீழ் மூலைக்கு அடியில் கொடுத்து, இம்மி தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தான். சின்ன வயதில் அண்ணன் கற்றுக்கொடுத்த வித்தை. சத்தமில்லாமல் கதவு மூடிக்கொண்டது.